ஜன்னல் அண்ணன் தூக்கி எறிந்த கரிச்சட்டி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஜன்னல் அண்ணன் அளவுக்குத் திட்டு வாங்கிய மனிதர் இன்னொருவர் கிடையாது. எங்கள் பத்து வீட்டு லைனில் அவரைத் திட்டிவிட்டுத்தான் நாஷ்டாவுக்கே உட்காருவோம்.

இரும்பு உருக்கும் ஆலையில் அவருக்கு உலை வேலை. கூட வேலை பார்த்தவர் விஷவாயுவில் சத்தமில்லாமல் சரிந்ததைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்குக் காற்றுப் பைத்தியம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை. கார்பன் மோனாக்சைடு என்று பெயர் மட்டும் உண்டு. அது இருந்தால் கத்துகிற மீட்டர் ஒன்றைக் கைக்காசில் வாங்கிச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு அலைவார். கொசுவுக்கும் ஆலைக் கரிக்கும் பயந்து நாங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து மூடிய ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பிய்ப்பார். "சாப்டியா" என்று கேட்கத் தெரியாது. "ஜன்னல் தொறந்துகீதா?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை மளிகைக் கடைக்குள் சாம்பிராணி போட வந்த பாயின் தட்டைப் பார்த்து மீட்டர் அலறியது. அண்ணன் அவரைத் தட்டோடு நடுரோட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, "இங்கேர்ந்து போடு பாய்" என்றார்.

"இன்னாபா, லாரிக்கா சாம்பிராணி போட்றது?" என்றார் பாய்.

புயலில் கரண்ட் போனபோது, திருட்டுக்குப் பயந்த வீட்டு ஓனர் ஜெனரேட்டரை கிரில் கேட்டுக்குள்ளே, நாங்கள் நடக்கிற வழியிலேயே வைத்து ஓட்டினார். அங்கேயும் மீட்டர் கத்த, அண்ணன் அதைத் தெருவுக்கு இழுத்துப்போய், அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நாளெல்லாம் தான் நனைந்தார். "இன்னாண்ணே, மிஷினுக்குக் கல்யாணமா?" என்றேன் நான். லைனே சிரித்தது. ஓனர் சிரிக்கவில்லை.

அந்த மழையில்தான் எனக்கு மகள் பிறந்தாள். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த மாமியார், பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று இண்டு இடுக்கெல்லாம் பழைய சேலையைத் திணித்து, கட்டிலுக்கு அடியில் கரிக்கங்குச் சட்டியை வைத்தார். காலையிலிருந்தே என் மனைவி, "தல வலிக்குது, வாந்தி வராப்ல கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ள பெத்தவளுக்கு அப்டித்தான் இருக்கும்" என்றார் மாமியார். நானும் தலையாட்டினேன்.

மாமியார் கதவைத் திறந்து வெளியே வந்த நேரம், வாசலில் போய்க்கொண்டிருந்த அண்ணனின் மீட்டர் கத்தியது.

"கொயந்தய வெளிய தூக்குடா!" என்று வாசலில் நின்றிருந்த என்னிடம் கத்தினார்.

"ஐயோ, புள்ள பெத்த ஊட்டுக்குள்ள ஆம்பள வரானே!" என்று மாமியார் மறித்தார். நான் ஓங்கி அண்ணனை அறைந்தேன். அவர் கன்னத்தைத் தடவக்கூட நிற்கவில்லை. உள்ளே பாய்ந்து குழந்தையை எடுத்து என் கையில் திணித்தார். மனைவியை வெளியே இழுத்து வந்தார். திரும்பிப்போய், கனன்றுகொண்டிருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கித் தெருத் தண்ணீரில் எறிந்தார். உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின.

என் கையில் இருந்த குழந்தை அழவில்லை. துணி மாதிரி துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு பேருமே இல்ல" என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு மாலை போட்டிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? பிள்ளை பெற்ற அறைக்குள் புகுந்தவன் என்று மாமியார் லைன் முழுக்கச் சொன்னார். ஜெனரேட்டர் ஆத்திரத்தில் இருந்த ஓனருக்கு அது போதும். இந்த ஆள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். நான் அறைந்த முகத்தைத் தினமும் பார்க்க எனக்குத் துப்பில்லை, அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

கட்டுப் போட்ட கைகளால் பையைத் தூக்க முடியாமல் அவர் ஷேர் ஆட்டோவில் ஏறினார். யாரும் உதவவில்லை. என்னைப் பார்த்ததும் தலையை நீட்டினார்.

"கொயந்த பால் குடிக்குதா நைனா?"

"குடிக்குதுண்ணே."

மன்னிச்சிடுண்ணே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோ பொன்னேரி ரோட்டில் திரும்பிவிட்டது. அண்ணே, இப்போது நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. ஒருமுறை வந்து என் மகளைப் பார்த்துவிட்டுப் போண்ணே, நல்லா ஓடுறா.