டிம் அடிக்காத சைக்கிள்

டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன் கீழே இறங்கி வந்து, "கொஞ்சம் டிம் அடிங்க பெரியவரே" என்று கெஞ்சிய சைக்கிள் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அது கல்மண்டபத்தில், எங்கள் எதிர்வீட்டு வாசலில், சங்கிலி போட்டுக் கட்டி நிற்கிறது. அதன் சொந்தக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது ஆதார் அட்டைக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் லைட்டவுஸ்.

லைட்டவுஸ் விசைப்படகு ஓட்டியவர். காசிமேட்டில் கிளம்பினால் ஆந்திராக் கரை வரை போய் வலை விட்டுத் திரும்புகிற ஆள். முழங்கால் தேய்ந்து, ஆடுகிற படகில் நிற்க முடியாமல் போனபிறகு கரையேறினார். கரையேறினாரே தவிர வீட்டில் தங்கவில்லை. விடிகாலையில் துறைமுகத்துக்குப் போய், எந்தப் படகு வந்தது, எவன் எஞ்சினைக் கெடுத்தான், யாருக்கு வஞ்சிரம் விழுந்தது என்று விசாரித்து, நாலு பேரைத் திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்கு டீ இறங்கும். அவ்வளவு தூரம் நடக்க முழங்கால் விடாது. பஸ், ஆட்டோ பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "இன்னொருத்தன் ஸ்டேரிங் புடிக்கிற வண்டில நான் குந்தமாட்டேன்" என்பது கொள்கை. மிச்சம் இருந்தது சைக்கிள்.

அந்த சைக்கிளுக்குத்தான் கண்டம் வந்தது. எங்கள் பக்கத்து ரோடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோண்டுகிறவன் வேறு, மூடுகிறவன் வேறு, இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. லைட்டவுஸ் இருட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்தார். எழுந்து, காயம் ஆறி, வேறொரு பள்ளத்தில் விழுந்தார். அன்றைக்கு அவர் மனைவி தேசம்மாக்கா தெருவே கேட்கத் தீர்ப்புச் சொன்னார். தேசம்மாக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் குரலெடுத்தால் கூடையில் இருக்கிற ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும் என்பார்கள்.

"யோவ், இன்னொரு தபா நீ வுழுந்தேன்னு வை, இந்த சைக்கிள காயலான் கடைல போட்டுட்டு வந்துதான் உனுக்குச் சோறு!"

"இருட்டுல பள்ளம் தெரிலமே. நான் இன்னா பண்ணட்டும்?"

"வெளிச்சம் வச்சிக்கோ. இல்லாங்காட்டி வூட்ல குந்து."

தேசம்மாக்கா சொன்னால் சொன்னதுதான், அதில் பேரமே கிடையாது. சைக்கிள் போனால் துறைமுகம் போச்சு. கடலை ஏற்கெனவே விட்டுவிட்டு வந்த மனுஷனுக்குக் கரையும் போய்விடும்.

சைக்கிள் கடையில் விளக்கு காட்டினார்கள். "இது இன்னா, மின்மினிப் பூச்சியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். பரணிலிருந்து படகில் வைத்திருந்த பழைய டார்ச்சை எடுத்தார். உலகத்தில் மற்றவர்கள் டார்ச்சை சைக்கிளில் கட்ட டியூப் ரப்பரைத் தேடுவார்கள். இவர் வலைக்கயிற்றை எடுத்தார். ஹேண்டில்பாரோடு சேர்த்துச் சுற்று சுற்றென்று சுற்றி, புயலடித்தாலும் அவிழாத முடிச்சாகப் போட்டு, இழுத்துப் பார்த்து, திருப்தியாகப் பீடி பற்றவைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, டார்ச்சின் சுவிட்சு கயிற்றுக்குள்ளே போய்விட்டது. கட்டும்போது எரிகிறதா என்று பார்க்கப் போட்ட சுவிட்சு, போட்டபடியே.

"அறுத்துட்டு வேற கட்டுங்க நைனா" என்றேன்.

"நான் போட்ட முடிச்ச நானே அறுக்கறதா? அதெல்லாம் ஆவாது தம்பி."

ஆகவே பட்டப்பகலிலும் அந்த டார்ச் எரிந்தது. எதிரே பைக்கில் வருகிறவர்களெல்லாம், நம் ஊர் வழக்கப்படி, கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடி, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். லைட்டவுஸ் அவர்கள் அத்தனை பேருக்கும் அதேமாதிரி விரலை விரித்து மூடிப் பதில் வணக்கம் சொன்னார். "பாத்தியா, எத்தினி பேருக்கு என்னைத் தெரிஞ்சிகீது!" என்று என்னிடம் பெருமைப்பட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேட்டரி செத்ததும், சார்ஜ் போடுகிற பெரிய டார்ச் வந்தது. காசிமேட்டில் அடித்தால் எண்ணூரில் நிழல் விழும். முதல் நாள் அது கொஞ்சம் அண்ணாந்து நின்றதில், மாடிவீட்டு டீச்சர் திருடன் என்று கத்தித் தெருவைக் கூட்டினார். அதைச் சரிசெய்த கையோடு ஹேண்டில்பாரின் இடது முனையில் சிவப்பு விளக்கு, வலது முனையில் பச்சை விளக்கு, கேரியரின் பின்னால் வெள்ளையாக ஒரு குட்டி டார்ச் எல்லாம் ஏறின. ராத்திரியில் படகுக்கு என்னென்ன விளக்கு உண்டோ எல்லாம் இப்போது சைக்கிளுக்கும் உண்டு.

அப்போதுதான் அந்த டிரெய்லர்காரன் இறங்கி வந்தான்.

"பெரியவரே, கண்ணு கூசுது. கொஞ்சம் டிம் அடிங்க."

"இதுல டிம்மு, பிரைட்டுலாம் இல்ல நைனா. எரியும், இல்லாங்காட்டி எரியாது."

"அது சரி, சிவப்பு பச்சையெல்லாம் எதுக்கு?"

"நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு எதிர்ல வர்றவனுக்குத் தெரியணும்ல."

"இது கடலாங்க?"

"மழ பெஞ்சப்போ நீ இந்தப் பக்கம் வந்ததில்ல போலகீது" என்றார் லைட்டவுஸ்.

பிறகு போகி வந்தது. டயர் எரிக்காதே என்று எவ்வளவு சொன்னாலும் எங்கள் பக்கத்தில் எரிப்பார்கள். பனியும் புகையும் சேர்ந்து, நீட்டிய கை தெரியவில்லை. தேசம்மாக்கா துறைமுகத்து மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போதே, "இன்னிக்கு சைக்கிளைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் போனார். அந்த ஆட்டோ மறைந்ததும் லைட்டவுஸ் சைக்கிளை எடுத்தார்.

எனக்குத் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் காலை ஷிப்ட். ஸ்கூட்டரில் உருட்டிக்கொண்டு போனேன். முன்னால் தெரிந்த ஒரே பொருள் அந்தக் குட்டி வெள்ளை விளக்குதான். அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பால்வண்டி, நாலைந்து பைக், கடைசியாக ஒரு டிரெய்லர். யாரும் யாரையும் கேட்கவில்லை. பள்ளம் வரும் இடத்தில் விளக்கு ஒதுங்கியது, நாங்களும் ஒதுங்கினோம். இவ்வளவு நிம்மதியாக நான் அந்த ரோட்டில் போனதே இல்லை.

விளக்கு வலது பக்கம் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். மீன் வாடை கொஞ்சம் அதிகமாக அடிக்கிறதே என்று நினைத்தேன். எதிரே பெண்கள், "போட்டு வந்துச்சுடி! சிவப்பு, பச்சை, ரெண்டும் தெரியுது!" என்று கூடைகளோடு ஓடிவந்தார்கள். டிரெய்லர் மட்டும் வாசலில் மாட்டிக்கொண்டது. மற்ற எல்லோரும் மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கூடத்துக்கு நடுவே போய் நின்றோம்.

படகு என்று ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து லைட்டவுஸ் பிரேக் அடித்தார். ஷேர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போய் அவரை லேசாகத் தட்டியது. சைக்கிளோடு சங்கரா மீன் குவியலில் போய் விழுந்தார். குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் தேசம்மாக்கா.

லைட்டவுஸ் எழுந்தார். மீசையில் செதில். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, துடைத்து, மனைவி பக்கம் தள்ளினார்.

"இந்தாமே. காயலான் கடைக்கு இஸ்துகினு போ."

அந்தக் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஷேர் ஆட்டோ டிரைவர் குதித்து வந்தான். "யக்கா, இடிச்சது நானு. இந்த லைட்டு மட்டும் இல்லாங்காட்டி இந்நேரம் ஆட்டோவோட எதுனா பள்ளத்துல கெடப்பேன்கா."

தேசம்மாக்கா ஆட்டோவைப் பார்த்தார். பால்வண்டியைப் பார்த்தார். வாசலில் ஹாரன் அடித்த டிரெய்லரைப் பார்த்தார்.

"இத்தினி பேரும் இந்த ஆளை நம்பியாய்யா வந்தீங்க?"

அவர் பார்வை என்மேல் விழுந்தது. "ஆபீஸ் போற புள்ள, நீயுமா?"

"ஆமாக்கா. பத்திரமா வந்தோம்" என்றேன். இடம்தான் தப்பு என்று சொல்லவில்லை.

தேசம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீன் கூடையை இடுப்பிலிருந்து இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆள் ஓட்டுகிற எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவந்தவர், கேரியரில் இருந்த குட்டி டார்ச்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்தார்.

"ஓட்டுய்யா. ரோட்டாண்ட கொண்டுபோய் இவங்கள வுட்டுட்டு வூட்டுக்குப் போவலாம். பின்னால வர்றவங்களுக்கு லைட்ட நான் புடிச்சிகினு வரேன்."

லைட்டவுஸ் முகத்தில் டார்ச்சே தேவைப்படாத வெளிச்சம். முழங்கால் வலியை மறந்து மிதித்தார். கேரியரில் தேசம்மாக்கா எங்களைப் பார்த்து, "யாரும் முந்தாதீங்க, மெதுவா வாங்க" என்று அதட்டிக்கொண்டே விளக்குப் பிடித்தார். நாங்கள் பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் போனோம்.

இப்போது விடிகாலையில் துறைமுகத்துக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். போகிற வழியெல்லாம் சண்டை. நான் புது பைக் வாங்கிவிட்டேன், அதில் நல்ல விளக்கும் இருக்கிறது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டாலும், முன்னால் அந்த சைக்கிள் போனால் முந்த எனக்கு மனசு வருவதில்லை.