ஆறரை அடி ரவுட்டர் டேபிள்

மச்சினன் வீட்டுக்கு வந்து தங்குவதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. மரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பக்தவத்சலம்.

மச்சினன் என்றால் ராகவன். மனைவி வசுமதியின் ஒரே தம்பி. கேளம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்குப் புது வேலை. "ரூம் கிடைக்கிற வரைக்கும் அக்கா வீட்ல இருந்துக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தான். போன தடவையும் இப்படித்தான் பத்தே நாள் என்று ஒரு பையோடு வந்தான். அதற்கப்புறம் இரண்டு தீபாவளி வந்தது, அவன் போகவில்லை. வறுத்த மீனில் நடுத்துண்டு அவனுக்கு, வால் இவருக்கு. டிவி ரிமோட் அவனுக்கு, அதற்கு பேட்டரி வாங்கி வருகிற வேலை இவருக்கு. அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பின்னறை போனதுதான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் கிடக்க அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. அதை இன்னொரு முறை பறிகொடுத்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"உன் தம்பி வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லலாம்தான். அதற்குத் தைரியம் வேண்டும். பக்தவத்சலத்திடம் இருந்தது ஒரு ரவுட்டர் மிஷின் மட்டும்.

பலகை ஓரத்தில் வளைவும் வரியும் இழைக்கிற மிஷின் அது. ஆசைப்பட்டு வாங்கியது. கையில் பிடித்து ஓட்டினால் அது ஒரு பக்கம் இழுக்கும், இவர் ஒரு பக்கம் போவார். அதையே ஒரு டேபிளுக்கு அடியில் தலைகீழாக மாட்டிவிட்டால், நடுவில் ஓட்டை வழியாக பிளேடு மட்டும் எட்டிப் பார்க்கும். மரத்தைத் தள்ளினால் போதும். யூடியூபில் ஆளாளுக்கு வீட்டிலேயே செய்கிறார்கள். ஒரு பெரிய டேபிளாகச் செய்து பின்னறையில் போட்டுவிட்டால்? அறையும் நிரம்பும், மச்சினனும் வரமாட்டான். இவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

பக்தவத்சலம் வேலை பார்ப்பது அணு ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே எதற்கு ஒப்புதல் கேட்டாலும் முதலில் பத்து கேள்வி வரும். ஆகவே வீட்டிலும் பத்து கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு சமையலறைக்குப் போனார்.

"வசு, பின்னறையில ஒரு ரவுட்டர் டேபிள் போடலாம்னு..."

"போடுங்க."

"தூசி வரும்."

"பெருக்கிக்கலாம்."

"சத்தம் வரும்."

"தெரு பூரா வீடு கட்டறோம்னு கல்லறுக்கறாங்க. இதுல உங்க சத்தம் யாருக்குக் கேக்கப் போவுது?"

பத்து பதிலுக்கும் வேலையே இல்லாமல் போனது. சண்டை போட வந்தவருக்கு சுடச்சுடக் காபி வேறு கிடைத்தது. கல்யாணமான நாள் முதல் வசுமதி ஒரு பேச்சில் சரி என்று சொன்னதே இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை.

செங்கல்பட்டில் ப்ளைவுட் எடுத்து, வேனில் போட்டுக் கொண்டுவந்தார். பெரிதாகப் போட்டால் சந்தேகம் வருமோ என்று பயந்து, இரண்டடிக்கு இரண்டரை அடி என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வசுமதி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"ஏன்?"

"நீளப் பலகையைத் தள்ளினா அந்தப் பக்கம் தொங்காதா? தாங்கறதுக்கு இடம் வேணாமா? ஆறரை அடியா வையுங்க. அகலம் மூணு."

பக்தவத்சலத்துக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அறையை அடைக்க இவரே தயங்கித் தயங்கி யோசித்த அளவைத் தாண்டி அவளே போகிறாள்! பாவம், விவரம் தெரியாதவள் என்று இரக்கப்பட்டுக்கொண்டே ஆறரை அடி அறுத்தார்.

மறுநாள் கால் வெட்டும்போதும் வந்தாள்.

"உயரம் எவ்வளவு?"

"மூணடி. நின்னுகிட்டுதானே வேலை செய்யணும்."

"உங்க இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு நிக்கறதா? ஒன்றரை அடி வையுங்க. முக்காலி போட்டு உக்காந்து செய்யலாம்."

"யூடியூப்ல எல்லாரும் நிக்கறாங்களே."

"அவங்க இடுப்புக்கு நானா தைலம் தேய்க்கறேன்?"

கால்கள் ஒன்றரை அடியாயின. மரம் நேராக ஓடுவதற்கு டேபிள் மேல் ஒரு தடுப்புக் கட்டை வேண்டும். அதைத் தலை முதல் கடைசி வரை நீளமாக வைக்கச் சொன்னாள். 'தலை முதல்' என்று ஏன் சொன்னாள் என்று அவருக்கு ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது. காலில் இடிக்கும் என்று மூலைகளை உருட்டச் சொன்னாள். சாமான் வைக்க அடியில் இரண்டு டிராயர். கால் பக்கம் ஒரு சுவிட்ச் போர்டு, அதில் போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட். வீடியோ பார்த்துக்கொண்டே வேலை செய்யலாமாம். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது. நியாயமாக ஒரு குறை கூடச் சொல்லாமல் ஒரு பெண்டாட்டி எத்தனை நாள் இருப்பாள்?

வாசலில் வைத்து மணல்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது மீன்கூடையோடு குப்பம்மா வந்து நின்றாள். அந்தத் தெருவுக்கே வாடிக்கையாக மீன் கொடுப்பவள்.

"இன்னா அண்ணாத்த, கட்டிலு செய்துகினு கீற?"

"கட்டில் இல்லம்மா. ரவுட்டர் டேபிள்."

"ரவுட்டரா? எங்க வூட்லயும் நெட்டுக்கு ஒன்னு கீது. ஆணில மாட்டிகினு கீது. அத்தக் குந்த வைக்க இம்மாம் பெரிய டேபிளா?"

"அது வேற. இது மரம் இழைக்கிற மிஷின்."

"இன்னாமோ போ. பாக்க கட்டிலு மாரிதான் கீது."

படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும் என்று பக்தவத்சலம் சிரித்துக்கொண்டார். ஆனாலும் மனசில் இருந்ததை யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

"குப்பம்மா, ஒன்னு கேக்கறேன். நான் எது சொன்னாலும் வசு சரி சரிங்கறா. ஏன்னு புரியல."

"சம்சாரம் சரின்னா சந்தோசமா இருந்துக்கினு போவியா? அத்தப் போயி ஆராய்ச்சி பண்ணிகினு கீற. ஆபீசுல பண்றது பத்தாதா? நைனா, வஞ்சிரம் வேணுமா, வாணாமா?"

டேபிள் முடிந்து பின்னறைக்குள் போனது. ரவுட்டரை மாட்டி ஒரு பலகையை ஓட்டிப் பார்த்தார். வெண்ணெயாய் இழைத்தது. அறையில் திரும்ப இடமில்லை. பக்தவத்சலம் தன் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகக் குளித்ததில்லை. குளித்துவிட்டு வந்து, குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு ராகவனுக்குப் போன் போட்டார்.

"ராகவா, ஒரு சங்கடம்பா. பின்னறையில ஒரு பெரிய டேபிள் போட்டுட்டேன்."

"தெரியும் மாமா. அக்கா போட்டோ அனுப்பிச்சாங்க. எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்களே, கண்ணே கலங்கிடுச்சு. முட்டுக்காடு தாண்டிட்டேன். சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

எனக்காகவா? பக்தவத்சலம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னறைக்கு ஓடினார்.

டேபிளைக் காணோம். அது இருந்த இடத்தில் பூப்போட்ட விரிப்பு, இரண்டு தலையணை, புது மெத்தை. மெத்தை அளவெடுத்துத் தைத்ததைப் போல உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருந்தார்கள்.

"என் ரவுட்டர் எங்க?"

"பீரோ மேல பத்திரமா இருக்கு" என்றாள் பின்னாலேயே வந்த வசுமதி. "நாலு ஸ்குரூதானே, நானே கழட்டிட்டேன்."

"வசு, இது கட்டில் இல்ல! ரவுட்டர் டேபிள்!"

"கட்டில்னு நான் சொன்னேனா? டேபிள்தான். டேபிள் மேல அவன் படுத்துக்கப் போறான்."

"நடுவுல ஓட்டை இருக்கு!"

"காத்து போகும். மெத்தை சூடாகாது."

"அந்தத் தடுப்புக் கட்டை?"

"ஓரமா நகர்த்தி மாட்டிட்டேன். சின்ன வயசுலேர்ந்து அவன் தூக்கத்துல உருளுவான். இனிமே விழமாட்டான்."

எங்கே ஆரம்பித்து எங்கே தோற்றோம் என்று பக்தவத்சலம் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு வெட்டும் இவர் கையால் வெட்டியது. ஒவ்வொரு ஸ்குரூவும் இவரே முடுக்கியது. எந்த இடத்தில் டேபிள் கட்டிலானது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

வசுமதி கட்டிலைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"ஒரே ஒரு குறைதான்" என்றாள்.

பக்தவத்சலத்துக்கு உயிர் வந்தது. "என்ன குறை? ஆட்டம் இருக்கா? அப்போ பிரிச்சிடலாமா?"

"ஆட்டமெல்லாம் இல்ல, நல்லா உறுதியா செஞ்சிருக்கீங்க. அகலம்தான் பத்தாது. ராகவனுக்குப் பொண்ணு நிச்சயமாயிடுச்சு. தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள இன்னும் ரெண்டடி கூட்டிடுங்க."

பக்தவத்சலம் வாயைத் திறந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினார்.

"ரெண்டடி போதுமா? ரெண்டரையா வெச்சிடவா?"