காத்து எறங்கின கண்டெய்னரும் கல்யாண வேனும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கொட்டகலைக்கு மேல இருக்கிற ஒரு தோட்டத்து பெக்டரியில தேயிலை ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போகணும்.

ஏழரைக்கெல்லாம் கண்டெய்னர் நெறைய ஏத்தியாச்சு. கேட்டைத் தொறந்து விட்ட வாட்ச்சர் காதைத் தீட்டிக்கிட்டு கேட்டாரு: "அண்ணே, வண்டியில ஸ்ஸ்ஸுன்னு என்னமோ சத்தம் வருதே?"

"பெரிய வண்டிங்க. அப்படித்தான் மூச்சு விடும்"னு சொன்னேன்.

இருவது வருச சர்வீஸ்! வாட்ச்சர் சொல்லியா நான் எறங்கிப் பாக்குறது?

ரெண்டாவது வளைவுல வண்டி நின்னுருச்சு. நான் நிப்பாட்டல. அதுவா நின்னுச்சு.

விசயம் என்னன்னா, இந்த மாதிரி ட்ரெய்லர் வண்டிக்கெல்லாம் காத்து இருந்தாத்தான் ப்ரேக் விடும். காத்து எறங்கிட்டா, ப்ரேக் தானாவே புடிச்சிக்கும். காத்து மீட்டர் முள்ளு கீழ படுத்துருச்சு. ஒரு அங்குலம் நகர மாட்டேங்குது.

தோட்டத்துக்கு அது ஒண்ணுதான் ரோட்டு. ஒரு பக்கம் தண்ணி ஓடுற கான், இன்னொரு பக்கம் தேயிலை. நடுவுல நான், குறுக்க விழுந்த மரம் மாதிரி.

பின்னால ஹோர்ன் சத்தம். கண்ணாடியில பாத்தேன். பூமாலை கட்டின வேன்!

வேன்ல இருந்து பட்டு வேட்டியோட ஒருத்தர் குதிச்சாரு. பொண்ணோட தாய்மாமன்.

"என்னங்க இது? ஒம்பதரைக்கு முகூர்த்தம்! கோயில் அட்டன் ரோட்டுல இருக்கு! வண்டியை எடுங்க!"

"எடுக்க முடியாதுங்க. காத்து போயிருச்சு."

"காத்தா? சைக்கிள் பம்பு இருக்கு, கொண்டு வரச் சொல்லவா?"

"அது பத்தாதுங்க."

"ரெண்டு பம்பு?"

நடந்து போகலாம்னா மெயின் ரோட்டுக்கு மூணு கட்டை, அதான் மூணு மைல். தூத்தல் மழை வேற. ரோட்டோரப் புல்லு பூரா ரத்தம் குடிக்கிற அட்டை. கல்யாணப் பொண்ணை அட்டையோடவா கூட்டிட்டுப் போறது?

வேன் ஜன்னல் வழியா பொண்ணு தலையை நீட்டுச்சு. "மாமா, மாப்பிள்ளை வீட்டுக்கு போன் பண்ணி சொல்லிருங்க! நான் ஓடிப் போயிட்டேன்னு நெனைச்சிரப் போறாங்க!"

அட்டன்ல எனக்குத் தெரிஞ்ச கராஜ் மெக்கானிக் பாஸுக்கு போன் அடிச்சேன். அவரு சாவகாசமா சிங்களத்துல, "சபன் வத்துர தாலா பலன்ன"ன்னாரு. அதாவது, சவுக்காரத் தண்ணி ஊத்திப் பாக்கணும். எங்க நொரை பொங்குதோ, அங்கதான் காத்து போகுது.

பக்கத்து லயத்து வீடுங்களுக்குத் தண்ணி வர்ற பீலியில ஒரு அக்கா துணி தொவைச்சிக்கிட்டு இருந்தாங்க. சவுக்காரத் தூளைக் கேட்டேன், குடுத்தாங்க. ஒரு கரண்டி போட்டாப் போதும். நான் பதட்டத்துல பாக்கெட்டையே வாளியில கொட்டிட்டேன்.

கலக்கி, காத்து போற டியூபு ஒவ்வொண்ணுலயும் ஊத்தினேன்.

பொங்குச்சு! எல்லா எடத்துலயும் பொங்குச்சு! மேல தூத்தல் வேற விழுந்து விழுந்து நொரை பெருகுது. டேங்க் தெரியல, டியூபு தெரியல, நம்பர் பிளேட்டும் தெரியல. நொரை கான்ல எறங்கி ஓடுது.

வேடிக்கை பாக்க லயமே வந்துருச்சு. ஒருத்தர் ரொம்ப அக்கறையா கேட்டாரு: "ஏங்க, லொறி பல்லு வெளக்குதா?"

கல்யாண போட்டோக்காரர் வேற வந்து படம் புடிச்சாரு. "அண்ணே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க"ன்னாரு. தலையில நொரையோட திரும்பினேன். நான் ஏன் திரும்பினேன்னு இன்னமும் வெளங்கல.

மாமாவுக்குப் பொறுமை போச்சு. வேனைப் பாத்து கத்தினாரு: "மாஸ்டர்! எறங்கி வாங்க!"

எறங்கினது நாதஸ்வர மாஸ்டர். ஜிப்பா, சங்கிலி, நெத்தி நெறைய திருநூறு.

"இவரு காதுக்குத் தப்புற சத்தமே இல்ல. காத்து எங்க போகுதுன்னு இவரு சொல்வாரு"ன்னாரு மாமா.

நான் சிரிக்கலாம்னு நெனைச்சேன். ஆனா தலையில நொரை இருக்கிற ஆளு யாரைப் பாத்து சிரிக்கிறது?

கொஞ்ச நேரம் என்ஜினை ஓட விட்டு காத்து ஏத்தி, நிப்பாட்டினேன். மாஸ்டர் ஜிப்பாவை மடிச்சிக்கிட்டு வண்டிக்கு அடியில பூந்துட்டாரு. நானும் கூடவே பூந்தேன்.

"எல்லாரும் பேசாம இருங்க!"ன்னு மாமா கத்தினாரு. லயமே கப்சிப்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டாரு. "ரெண்டு எடத்துல போகுதுங்க. ஒண்ணு கீழ் சுருதி. இன்னொண்ணு மேல் சுருதி."

ரெண்டா! எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒண்ணையே கண்டுபுடிக்க முடியல!

"அண்ணே, ஒரு நிமிசம் மூச்சைப் புடிங்க"ன்னாரு.

புடிச்சேன்.

"ஆங். இப்ப ஒண்ணுதான்."

மேல் சுருதி என் மூக்கு.

பெறகு மாஸ்டர் தவழ்ந்து தவழ்ந்து போயி, முன் வண்டியில இருந்து ட்ரெய்லருக்குப் போற செவப்பு டியூபைத் தொட்டாரு. "இங்கதாங்க." டியூபு மாட்டுற ஜொயின்டைக் கழட்டிப் பாத்தா, உள்ள இருக்கிற ரப்பர் வளையம் பிஞ்சு தொங்குது. நாலு நாளைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும். மாத்த வேண்டிய ஆளு யாருன்னு மாமா கேட்டாரு. நான் வானத்தைப் பாத்தேன்.

"ஸ்பெயார் இருக்கா?"

இல்ல. ரப்பர் வேணும். கல்யாணக் கூட்டத்துல எல்லாருமே புதுத் தோல் சப்பாத்து. ரப்பர் செருப்பு போட்டிருந்தது நான் மட்டும்தான். எல்லாரும் என் காலையே பாத்தாங்க.

எடது செருப்பைக் கழட்டி, பழைய வளையத்தை மேல வச்சு கத்தியால வெட்டினேன். அவசரத்துல சின்னதாப் போச்சு.

எல்லாரும் வலது காலைப் பாத்தாங்க.

ரெண்டாவது சரியா பொருந்துச்சு. என்ஜினைப் போட்டேன். முள்ளு ஏழுக்கு வந்தா ப்ரேக் விட்டுரும். மாமா ஃபுட்போர்ட்ல ஏறி நின்னு, மீட்டரைப் பாத்து எல்லாருக்கும் கேக்க கத்துறாரு: "மூணு! நாலு! அஞ்சு!" வெளிய ஒருத்தரும் மூச்சு விடல. "ஆறு! ஏறுது, ஏறுது! ஏழு!"

முள்ளு ஏழைத் தொட்டதும் மாமாவுக்கு என்ன ஆச்சோ தெரியல. கையைத் தூக்கி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"னாரு.

மாஸ்டரோட வந்த தவில்காரரு அடிச்சிட்டாரு! பொம்பளைங்க கையில இருந்த அரிசியை என் பொன்னட் மேல தூவினாங்க! ப்ரேக்கை விட்டேன். "புஸ்ஸ்ஸ்!" ஒரு ஆயா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

என் கல்யாணத்துலகூட இவ்வளவு சந்தோசத்தை நான் பாத்ததில்ல.

"வழியில திரும்ப சத்தம் வந்தா?"ன்னு மாமாவுக்கு ஒரு பயம். அதனால மாஸ்டரை என் பக்கத்துல ஏத்தி விட்டாரு. மனுசன் கோயில் வரைக்கும் காதை டேஷ்போர்டுல வச்சிக்கிட்டே வந்தாரு. முன்னால நான், பின்னால வேன். அந்த ரோட்டுல என்னை முந்த முடியாது.

முகூர்த்தத்துக்கு பத்து நிமிசம் இருக்கிறப்ப போய்ச் சேந்தோம். மாஸ்டரை எறக்கி விட நானும் வெறுங்காலோட எறங்கினேன். "பாருங்க, ரோட்டுலயே செருப்பைக் கழட்டிட்டாரு. நல்ல பக்தி"ன்னு யாரோ பேசுறது காதுல விழுந்துச்சு.

மாப்பிள்ளையோட அப்பா வாசல்ல நின்னு, கண்டெய்னரை இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் பாத்தாரு. பொன்னட் பூரா அரிசி. பின்னாலேயே பொண்ணு வேன். கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "தம்பி, பொண்ணு வீட்டுச் சீரா?"

"ஐயோ, இல்லங்கய்யா. தேயிலை."

"வண்டி நெறையவா?"

"ஆமாங்கய்யா."

அவரு தலையை ஆட்டிட்டு சம்சாரத்துக்கிட்ட திரும்பினாரு.

"சீனி பின்னால வருதான்னு கேளு."