காலி வீதியில் புளி எண்ணியவன்

நான் விட்ட எழுத்துப் பிழைகள் எத்தனையோ இருக்கும். பொலிஸ் பதிவேட்டில் ஏறியது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் பத்திரிகையைச் சிவப்புப் பேனையோடு வாசிக்கிற ஆள். மூன்றாம் பக்கத்தில் ஒற்றுப் பிழை கண்டால் அன்றிரவே ஆசிரியருக்குக் கடிதம் போவது வழக்கம். (ஒரு கடிதமும் பிரசுரமாகவில்லை. ஏன் பிரசுரிக்கவில்லை என்று கேட்டும் ஒரு கடிதம் எழுதினேன்.)

யுத்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. வெள்ளவத்தையில் பூரணம் அக்கா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பூரணம் அக்கா எனக்கு உறவில்லை. வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு விடுகிற பெண்கள் எல்லாருமே அக்காதான். வேலை தேடி ஏழு மாதம் அலைந்த பிறகு, அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் (எதுவென்று கேட்க வேண்டாம்) ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. நாட்டுக்குப் புதிய போக்குவரத்துக் கொள்கை வகுக்கப் போகிறார்களாம். எத்தனை பஸ் வாங்குவது, ரயிலுக்கு எத்தனை பெட்டி கூட்டுவது, சனம் வீதியைக் கடக்கிற மஞ்சள் கடவைகளை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு முதலில் சனத்தை எண்ண வேண்டும். எண்ணுகிறவன் நான்.

திணைக்களத்தில் என் மேலதிகாரி அருளானந்தம். கொட்டாஞ்சேனைக்காரர். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்க்கிற மனிதர். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் குறையாமல் எண்ணிக் கொடுத்தால் என் பெயரை நிரந்தர வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். எனக்கோ நிரந்தரத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இலங்கையின் போக்குவரத்துக் கொள்கை என்னுடைய கொப்பியிலிருந்துதான் பிறக்கப் போகிறது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஒருவன் பஸ் தரிப்பில் நிற்பதைப் பார்க்க எப்படி இருந்திருக்குமோ தெரியாது. நான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர்கள் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்று குறிக்க நாலு பெட்டிகள். கடைசிப் பெட்டியின் பெயர் 'க்ரஷ் லோட்'. அதாவது, இனி ஒருவரும் ஏற முடியாது என்ற நிலைக்குப் பிறகும் ஏழு பேர் ஏறியிருக்கும் நிலை. ஓடுகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிற பஸ்ஸைக் கோட்டைவிட வேண்டியதுதான். ஆகவே கொப்பியில் தமிழில் சுருக்கமாகக் குறித்து, பின்னேரம் அறைக்குப் போய்ப் படிவத்தில் நல்ல பிரதி எழுதுவது என்று ஒரு முறை கண்டுபிடித்தேன். காலி, இருப்பு, நிற்பு, புளி. நாலே சொற்கள். புளி என்றால் புளிமூட்டை. சனத்தை அடைத்து ஏற்றிய பஸ்ஸுக்குத் தமிழில் வேறு சொல் எதற்கு? (காலி வீதியில் 'காலி' என்ற நிரல் மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது.)

எண்ணத் தொடங்கிய இரண்டாம் நாளே எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. ஆராய்ச்சி. இருபது நிமிடம் ஒரு பஸ்ஸும் வராது. பிறகு மூன்று சேர்ந்து வரும். ஏன்? கொழும்பில் எல்லாரும் இதைத் திட்டினார்களே தவிர, ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். முதல் பஸ் கொஞ்சம் பிந்துகிறது. பிந்தியதால் தரிப்பில் கூடுதலான சனம் சேர்ந்துவிடுகிறது. சனம் ஏற நேரம் எடுக்க, இன்னும் பிந்துகிறது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை. அது விரைவாக வந்து முதலாவதைப் பிடிக்கிறது. மூன்றாவது இரண்டாவதைப் பிடிக்கிறது. பிடித்தவுடன் போட்டி தொடங்குகிறது, மஞ்சள் கடவையில் நிற்கிற மனுஷரை மறந்துவிடுகிறார்கள். இதை விளங்கிக்கொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பூரணம் அக்காவுக்கு விளக்கினேன். அவ கறிச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, பஸ் வராவிட்டால் நடந்து போகச் சொன்னா.

மூன்றாம் நாள் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். துவக்கோடு ஆட்கள் நிற்கிற வீதியோரக் காவலரணுக்கு முன்னால் மட்டும் எந்த பஸ்ஸும் முந்திப் போவதில்லை. எல்லாம் அடக்கமாக ஊர்ந்து போகின்றன. வயதானவர்கள் அங்கேதான் பயமில்லாமல் வீதியைக் கடக்கிறார்கள். இது கொள்கை வகுப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வரைந்தேன். பஸ் தரிப்பு, மஞ்சள் கடவை, காவலரண், அவற்றுக்கு இடையில் எத்தனை அடி தூரம். தூரத்தைக் காலால் நடந்தே அளந்தேன். யுத்த காலத்தில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பெடியன், காவலரணுக்கு முன்னால் அடியளந்து நடந்து, படம் வரைந்திருக்கிறான். இப்போது இதை எழுதும்போது என் கை தானாக நெற்றிக்குப் போகிறது.

நாலு நாளாக நான் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலரணில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் குறிப்பெடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. அதை எந்த நிரலில் போடுவது என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டி, திணைக்களத்துக்காக பஸ் எண்ணுகிறேன் என்றேன். திணைக்களக் கடிதம் எங்கே என்றார்கள். கடிதம் மடங்கிவிடக் கூடாது என்று அதை அறையில் மெத்தைக்குக் கீழே வைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல ஆங்கிலம் பேசினார். கொப்பி தமிழில் இருந்ததால், ஆறு கிழமை தமிழ் வகுப்புக்குப் போய் வந்த ஓர் இளம் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். எட்டுப் பத்து, நூறாம் இலக்கம், பு-லி. எட்டுப் பன்னிரண்டு, நூற்றொன்று, பு-லி. எட்டுப் பதின்மூன்று, மறுபடியும் புலி, பம்பலப்பிட்டிப் பக்கம் போனது.

இன்ஸ்பெக்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த மிருகத்தின் பெயரை அப்போது கொழும்பில் தமிழர் எவரும் வாயால் சொல்வதில்லை. பிள்ளைகளைத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனவர்கள்கூட அந்தக் கூட்டுக்கு முன்னால் வந்ததும் 'வரிப் பூனை' என்றுதான் காட்டினார்கள். நானோ அது எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் போனது என்று நேரவாரியாக எழுதி வைத்திருந்தேன்.

அது புளி, சமையலுக்குப் போடுகிற புளி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பஸ்ஸில் புளி கொண்டுபோவதை நான் ஏன் எண்ணுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புளியை பஸ்ஸில் கொண்டுபோவதில்லை, அந்த பஸ்ஸே புளிதான் என்றேன். உவமைகள் பொலிஸ் நிலையத்தில் அதிக நேரம் உயிர் வாழ்வதில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

'விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்' என்று கூட்டிப்போகப்பட்ட சிலரை, வீட்டார் மாதக்கணக்காக முகாம் முகாமாகத் தேடிய நாட்கள் அவை. அது எனக்குத் தெரியும். பயந்து பேசாமல் இருந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. என் தமிழைப் பிழையாக வாசித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு கடதாசி கேட்டு வாங்கி, லகரத்தையும் ளகரத்தையும் பெரிதாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இது காட்டில் இருப்பது, இது ரசத்தில் இருப்பது என்று பாடம் எடுத்தேன். ஆறு கிழமையில் இவ்வளவு படித்ததே பெரிய காரியம், கான்ஸ்டபிளைக் குறை சொல்லக் கூடாது என்றும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டேன்.

கான்ஸ்டபிள் மேசை இலாச்சியைத் திறந்து தன்னுடைய தமிழ்ப் பயிற்சிக் கொப்பியை எடுத்தார். என் கொப்பியையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கொப்பியை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, 'ள'வுக்குக் கால் இருக்கு. இதுக்குக் கால் இல்லை."

பார்த்தேன். கால் இல்லை. முதல் நாலு நாளும் அழகான புளி. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மட்டும், மூன்று மூன்றாக பஸ் வந்த அவசரத்தில், மேலிருந்து கீழே அத்தனையும் புலி. ளகரத்துக்கு ஒரு கால் போடுகிற நேரத்தில் ஒரு பஸ் போய்விடும். அன்று நான் பஸ்ஸைத் தெரிவு செய்திருந்தேன். என் காது சூடாகிவிட்டது. அது பயத்தினால் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருப்பார். (என் மனைவி இன்றைக்கும் சாமான் துண்டில் புளி என்று எழுதினால், கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டுத்தான் என் கையில் தருவாள்.)

அதற்குள் இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்துப் படத்துக்கு வந்துவிட்டார். நல்ல வேளையாக அதற்குக் கீழே என் சிபாரிசை ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தேன். காவலரணுக்கு அருகில் பஸ்கள் போட்டியிடுவதில்லை, பாதசாரிகளுக்குப் பாதுகாப்பு அதிகம், இப்படி இன்னும் பல அமைத்தால் நல்லது. அவர் இரண்டு தரம் வாசித்தார். இன்னும் காவலரண் வேண்டும் என்று கேட்கிறாயா என்றார். வீதிப் பாதுகாப்புக்காக என்றேன். தமிழரில் அப்படிக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். பிறகு கான்ஸ்டபிளை அழைத்து, என் அறைக்குப் போய்க் கடிதம் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்காரியையும் கூட்டிவரச் சொன்னார்.

அங்கே நடந்ததைப் பூரணம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் தட்டிய கான்ஸ்டபிள் தன் ஆறு கிழமைத் தமிழில், சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார்:

"வீட்டில் புலி இருக்குதா?"

சிங்களவர் வாயில் லகரமும் ளகரமும் ஒன்றுதான். பூரணம் அக்கா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

"ஓம், ரெண்டு போத்தல் இருக்கு. உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

கான்ஸ்டபிள் ஓரடி பின்னுக்குப் போனாராம். அக்கா ஒரு போத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டியிருக்கிறா. மணந்து பார்த்துவிட்டு, அந்த மனுஷன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாராம்.

பூரணம் அக்கா ஒரு கையில் கடிதமும் மறு கையில் புளிப் போத்தலுமாக ஆட்டோவில் வந்து இறங்கினா. முப்பது வருஷமாக மீன்காரரோடு பேரம் பேசி வளர்த்த சிங்களம் அவவுடையது. இன்ஸ்பெக்டருக்கு நீண்ட விளக்கம் கொடுத்தா. என் சிங்களமோ பஸ் கொண்டக்டரிடம் கற்றது. முன்னுக்குப் போ, இறங்கு, மிச்சச் சல்லி, இவ்வளவுதான். அக்கா சொன்னதில் 'பிஸ்ஸு' என்ற சொல் மட்டும் விளங்கியது. பைத்தியம் என்று அர்த்தம். அது பல தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் போத்தலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. என்னைப் போகலாம் என்றார்.

அக்கா என் சேர்ட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்தா. நான் நின்று, கொப்பியைத் தருவீர்களா என்று கேட்டேன். (அவ என் கையில் கிள்ளிய அடையாளம் இரண்டு கிழமை இருந்தது.) இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் படத்தையும் கிழித்துத் தன் கோப்பில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தந்தார். தரும்போது குரலைத் தாழ்த்தி, தான் தினமும் மொரட்டுவையிலிருந்து வருவதாகவும், மூன்று பஸ் சேர்ந்து வருவது ஏன் என்று தனக்கும் நெடுநாளாக ஒரு கேள்வி இருப்பதாகவும் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். கான்ஸ்டபிளின் பேனை, மைப் போத்தல், தேத்தண்ணிக் கோப்பை மூன்றையும் பஸ்களாக வைத்து மேசையில் ஓட்டிக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் கோப்பையைப் பின்னுக்கு எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். கால் மணித்தியாலம் போனது. பூரணம் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

திங்கட்கிழமை நாலு நாள் படிவங்களை அருளானந்தத்தின் மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஏன் இல்லை என்பதை விளக்கினேன். ஒரு நாள் குறைந்ததால் நிரந்தரம் போய்விடுமோ, கொள்கை பிழையாகிவிடுமோ என்ற இரண்டு கவலைகளில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை. ஜீப், புலி, போத்தல் எல்லாவற்றையும் அவர் துறைமுகத்தைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு, கொள்கை போன மாதமே அச்சுக்குப் போய்விட்டதென்றும், என்னுடைய கணக்கு பின்னிணைப்புக்குத்தான் என்றும், பின்னிணைப்பு இல்லாவிட்டால் புத்தகம் மெலிந்துபோய் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அப்போ வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

அவர் ஒரு வெற்றுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"வியாழனைப் பாத்து எழுதிவிடும், ஐசே. ஆர் பாக்கப் போறான்?"