அக்கரை ஐந்து

கொமார்னோ, டிசம்பர் 9

அன்புள்ள பிரோஷ்கா சித்திக்கு,

உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும், கேக் கடை அடுப்பு தணியாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

இல்லை சித்தி, காதல் இல்லை. கணக்கு.

படிப்பை விட்டுவிட்டு உங்கள் கடைக்கு வருகிறேன் என்று சொன்னவள் ஏன் வரவில்லை, யாரையாவது காதலிக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கணக்கு வாத்தியார் காலை உடைத்துக்கொண்டார், அவருக்குப் பதிலாகப் பாலம் தாண்டி ஹங்கேரியிலிருந்து வில்மா டீச்சர் வந்தார், வந்ததும் போன அரையாண்டுப் பட்டியலைப் பார்த்தார், என் பெயருக்கு நேரே தரம் ஐந்து. இக்கரையில் நமக்கு ஒன்றுதான் உச்சம், ஐந்து என்றால் தோல்வி. அக்கரையில் அப்படியே தலைகீழ். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"பொக்லார்கா, உனக்குக் கடைசி பெஞ்சுல என்ன வேலை? முன்னாடி வா."

"அவ கொஞ்சம் கூச்சப்படுவா டீச்சர். மேதைங்க அப்படித்தான்" என்றான் என் பழைய கடைசி பெஞ்சுக் கூட்டாளி லெவென்டே.

வகுப்பே வாயை மூடிக்கொண்டது. தினமும் இலவசக் கூத்து, யார் கெடுப்பார்கள்? டீச்சர் தாளில் நூற்றுக்கு எவ்வளவு என்று மட்டும் போடுகிறார். தரம் போடுவது ஜனவரியில்தான், அதுவரை குட்டு உடையாது.

தெரியாது என்றால் விடுவதில்லை. "தெரியாதா? இன்னும் யோசிக்கலைன்னு சொல்லு." சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். எரிச்சலில்தான் படித்தேன். நேற்றைய தேர்வில் எழுபத்தொன்பது. என் சாயங்காலங்களை யார் திருப்பித் தருவார்கள்?

எங்கள் வகுப்பு எனிகோ எப்போதும் தரம் ஒன்று வாங்குகிறவள். "பயப்படாத கண்ணு, உனக்குச் சின்னக் கணக்கா தர்றேன்" என்கிறார் டீச்சர். முதல் வாரம் அவளும் சிரித்தாள். நேற்று நாற்பத்தொன்று. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"நீயே சொல்லேன்" என்றேன்.

"நான் கெட்டிக்காரின்னு நானே போய்ச் சொல்லணுமா? ஒருவேளை அந்தம்மா சொல்றதுதான் சரியோ என்னவோ."

"நீ சொன்னா மறுபடி கடைசி பெஞ்சுதான்டி" என்கிறான் லெவென்டே.

ஆகவே சொல்லப் போவதில்லை. குட்டு உடைவதற்குள் வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு ஏப்ரன் தேய்த்து வையுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் மாவு நன்றாகப் பொங்கட்டும்.

உங்கள்,
பொக்லார்கா

பி.கு.: தபால்பெட்டிக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடம். சொல்லிவிட்டேன். வில்மா டீச்சர் பட்டியலை வெகுநேரம் பார்த்தார், காது வரை சிவந்தார். "முதல்ல எனிகோகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். பிறகு என் தாளை எடுத்தார்.

"இந்த எழுபத்தொம்பதும் தலைகீழா?"

"இல்ல டீச்சர். அது நான் போட்டது."

"அப்புறம் ஏன் கதவுகிட்டயே நிக்கிற?"

ஏப்ரனை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் முதல் பெஞ்சுக்குப் போய்ப் பையை வைத்தேன். எனிகோவுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.