நத்தைத்திட்டு ஆய்வுக்குழு

திண்டிவனத்தில் செக்கெண்ணெய்க் கடை வைத்திருக்கும் பச்சைமுத்து, இந்தக் கோடை லீவுக்குக் குடும்பத்தைத் தீவுக்கு அழைத்துப் போவதென்று முடிவெடுத்தார். முடிவெடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுப்புரத்துச் சகலை மாலத்தீவுக்குப் போய், கண்ணாடித் தண்ணீரில் காலைத் தொங்கவிட்ட படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாரே, அன்றைக்கே முடிவு ஆகிவிட்டது. எடுத்தவர் மனைவி கலைப்பிரியா. இந்தக் காலத்தில் மலைக்குப் போய் வந்தேன் என்றால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால்தான் மனுஷன்.

"ஊட்டி போனா ஆவாதா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஊட்டிக்கு இப்ப யாருங்க போறாங்க? எதிர்வீட்டு நாயே கார்ல போய்ட்டு வந்துச்சு."

செக்கில் ஆட்டுகிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற விலை மாலத்தீவுக்கு இடம் கொடுக்கவில்லை. விசாரித்ததில், மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில், நத்தைத்திட்டு என்று ஒன்று கடலுக்குள் இருப்பதாகத் தெரிந்தது. படகுக்காரன் தமிழ்மணி போனிலேயே சிரித்தான்.

"தீவாண்ணே அது? மத்தியானத்துல வலையைக் காயப்போட்டுக்கினு நாங்க தூங்குற மணல்மேடு. ஞாயித்துக்கெழம வாங்க, இட்டுக்கினு போறேன். மீனும் சுட்டுத் தர்றேன்."

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பச்சைமுத்து எதையும் முறையாகச் செய்கிறவர். முன் அனுமதி இல்லையென்று கடைவாசல் தகரக் கூரையை ஒருதரம் நகராட்சிக்காரர்கள் பிடுங்கிப் போனதிலிருந்து, வாசலில் பெஞ்சு போடுவதற்குக்கூட மனு எழுதுவார். ஆகவே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

'கரையோரத் திட்டுகள் மேலாண்மைப் பிரிவு' ஒரு மாடிப்படிக்கு அடியில் இயங்கிவந்தது. அலுவலர் அரிபிரசாத், வேலையே வராத பிரிவுக்குரிய சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். மனுவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"திட்டுக்குப் போவ அனுமதியா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்களே!"

"அப்ப அனுமதி தேவையில்லீங்களா?"

"நீங்க கேக்குற வரைக்கும் தேவைப்படல. கேட்டுட்டீங்க. இனிமே நான் ஒண்ணு குடுக்கணும், இல்ல மறுக்கணும். அது தெரியுற வரைக்கும் யாரும் போவக் கூடாது."

அன்று சாயந்திரமே குப்பத்தில் பலகை நட்டார்கள்: 'நத்தைத்திட்டு பரிசீலனையில் உள்ளதால் பொதுமக்கள் பிரவேசிக்கத் தடை.' தமிழ்மணி அந்தப் பலகை மேலேயே வலையைக் காயப்போட்டுவிட்டுப் போன் செய்தான்.

"இன்னாண்ணே, இப்படிப் பேஜாரு பண்ணிட்டீங்க? உங்கள யாரு கேக்கச் சொன்னது?"

பரிசீலிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும். குடும்பங்கள் செல்ல உகந்த இடமா என்பதே கேள்வியாதலால், குடும்பத்தோடு பார்ப்பதே முறை. அவ்வாறே அரிபிரசாத், மனைவி, இரு பிள்ளைகள், மாமியார், ஓர் அண்டா பிரியாணி சகிதம் முதற்கட்ட ஆய்வு இனிதே நடந்தேறியது. மனுதாரர் கரையில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. பச்சைமுத்துவும் கலைப்பிரியாவும், புதுத் தொப்பி போட்ட மகள் துர்காவும் கொளுத்தும் வெயிலில் ஆஜரானார்கள்.

"அப்பா, அவங்க பந்து ஆடுறாங்க."

"மண்ணு உறுதியா இருக்குதான்னு சோதிக்கிறாங்கம்மா."

"இப்ப படுத்துத் தூங்குறாங்க."

"அது... காத்து எப்படி வருதுன்னு பாக்குறாங்க."

"நம்மளும் கையில ஒரு ஃபைல வச்சிக்கினு ஏறியிருக்கலாம்," என்றாள் கலைப்பிரியா.

திட்டு ரம்மியமாக உள்ளது என்று அறிக்கை வந்தது. எனினும் அலை பெருகும் நாளிலும் ரம்மியமாக இருக்குமா என்பது தெளிவாகவில்லையாம். ஆகவே அலை ஆய்வு. பிறகு வெயில் ஆய்வு. மேலதிகாரிகளின் குடும்பங்கள் வந்து நடத்திய மேலாய்வு. ஒரு மேலதிகாரி வீட்டுப் புதுமாப்பிள்ளைக்காகத் தனியே ஒரு தம்பதி ஆய்வு. தமிழ்மணியின் படகுக்கு ஓய்வே இல்லை. டீசல் செலவு போகக் கையில் நாலு காசு நின்றதால், வெயிலில் வெளுத்த பலகைக்கு அவனே பெயின்ட் அடித்து வைத்தான். "உங்களாலதாண்ணே பொழப்பு ஓடுது," என்று பச்சைமுத்துவை வாழ்த்தவும் செய்தான்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிவிட்டது.

"ஏங்க, தங்கச்சி தெனமும் போன் பண்றா. தீவு எப்படிக்கா இருந்துச்சுன்னு கேக்குறா. பரிசீலனையில இருக்குதுன்னா சொல்றது?"

பச்சைமுத்து மறுபடி விழுப்புரம் போனார்.

"சார், லீவு முடியுது. பொண்ணு தொப்பியைப் போட்டுக்கினே தூங்குது. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

அரிபிரசாத்துக்கு மனசு இளகிவிட்டது. அவரும் பிள்ளை குட்டிக்காரர்.

"சுத்திப் பாக்கன்னு போவ வழியே இல்லீங்க. ஆனா ஆய்வுக்குழுவுல பொதுமக்கள் பிரதிநிதி இடம் ஒண்ணு காலியா கெடக்குது. குடும்பத்தோட வரலாம்."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மணல் மாவாக இருந்தது. நண்டுக்குஞ்சுகள் ஓட, துர்கா அலறிக்கொண்டே துரத்தினாள். கலைப்பிரியா தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு, 'ஆய்வுப் பணியில்' என்று எழுதிப் படம் போட்டாள். பச்சைமுத்து மல்லாந்து படுத்தார். வருஷக்கணக்காகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த செக்குச் சத்தம் முதல்முறையாக நின்றது. இப்படியும் ஒரு அமைதி உலகத்தில் இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

சுட்ட மீனைத் தின்று விரலைச் சப்பிக்கொண்டே அரிபிரசாத் அறிக்கையை நீட்டினார். "பொதுமக்களை விடலாமா, கூடாதா? உங்க கருத்துதான் முக்கியம். உகந்ததுன்னு எழுதுனா நாளையிலேர்ந்து யார் வேணா வரலாம்."

பச்சைமுத்து எழுந்து உட்கார்ந்தார். "யார் வேணாவா?"

"ஸ்பீக்கரோட வருவாங்க. பாட்டில் ஒடைப்பாங்க."

"உகந்ததல்லன்னா?"

"மறு ஆய்வு. காலாண்டு லீவுல வச்சிக்கலாம். குழு மாறாது."

இத்தனை நாள் அலைக்கழிக்கப்பட்ட ஒரு குடிமகன் என்ற முறையில், பச்சைமுத்து ஒரு நிமிஷம் முழுதாகப் பொதுமக்களைப் பற்றி யோசித்தார். அவரையும் சேர்த்து அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"ஆபத்தான எடம்னு எழுதுங்க," என்றாள் கலைப்பிரியா, காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "பாம்பு இருக்குதுன்னும் சேத்துக்குங்க."

"பாம்பு போன ஆய்வுலயே போட்டாச்சும்மா," என்றார் அரிபிரசாத் வருத்தத்தோடு. "இடியும் போட்டாச்சு. பேய மட்டும் மேல ஒத்துக்கல."

தமிழ்மணி அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டான். "சுழல்னு போடுங்க சார். எறங்கிப் பாக்க எவனும் வரமாட்டான்."

குழு இதை ஏகமனதாக ஏற்றது. பச்சைமுத்து கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பொதுமக்கள் பிரதிநிதி என்று போட்டிருந்த இடத்தில், பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, நல்ல அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.