‘வேண்டாம்’ என்று நான் சொன்னது தரகரிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைத் தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். அதன்மேல் நம்பிக்கை போய்விட்டதால் தபாலில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து உன் காதில் ‘வேண்டாம்’ என்று ஏதாவது விழுந்திருந்தால், அது உனக்குச் சொன்னதில்லை, வீட்டுத் தரகருக்குச் சொன்னது. நடந்தது எனக்கே முழுதாகப் புரியவில்லை, உனக்காவது புரிகிறதா பார். போன வாரம் பழைய லைனை மாற்றி டிஜிட்டல் லைன் கொடுத்தார்கள். கம்பி என்னவோ அதே பழைய கம்பிதான். சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, அதிலிருந்து கூடத்துக்கு ஒரு போன், சமையலறைக்கு ஒரு போன் என்று லைன்மேன் இழுத்துவிட்டார். இனி நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் வேறு வேறு ஆளோடு பேசலாமாம். ஒரே கம்பியில் எப்படியப்பா என்று கேட்டேன். பேசுவதை அந்தப் பெட்டி எண்களாக மாற்றிப் பொடிப்பொடியாக நறுக்குமாம், என்னுடையதில் ஒரு துண்டு, அண்ணியுடையதில் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி அனுப்புமாம், எக்சேஞ்சில் ஓர் இயந்திரம் அவரவர் துண்டைப் பிரித்துக் கோத்து, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுமாம். பிரிக்கும்போது தவறிவிட்டால்?

தவறியேவிட்டது. நீயும் ஓய்வு பெற்றுவிட்டதால் நீங்கள் இருவரும் எங்கள் மாடிக்குக் குடிவருவது பற்றிப் பேச அன்று நீ கூப்பிட்டாயே, சமையலறையில் அண்ணி எடுத்தாள். அதே நேரம் கூடத்தில் நான் தரகரோடு பேசிக்கொண்டிருந்தேன். மாடிக்கு ஆள் பார்க்கவா என்று கேட்டார். ‘வேண்டாம், என் தம்பி வரான்’ என்றேன். அதில் ‘என் தம்பி வரான்’ தரகரிடம் போய், ‘வேண்டாம்’ மட்டும் உன்னிடம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து உன்னிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. நான் கூப்பிட்டால் நீ குளிப்பதாக உன் மனைவி சொல்கிறாள். சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். சின்ன வயதில் உன்னைக் குளிக்கவைக்க அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பொறுக்கமுடியாமல் எக்சேஞ்சுக்கே போய், துண்டு பிரிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். குளிரூட்டிய அறை, அலமாரி அலமாரியாகப் பச்சை விளக்குகள், பிரிப்பதற்கு ஒரு மனிதர் கிடையாது. பொறியாளர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: “ஒரு துண்டுகூட மாறாது சார். மாறியிருந்தா இந்த ஊர்ல ஒரு குடும்பம் மிஞ்சியிருக்காது.” அப்படியென்றால் என் தம்பி ஏன் குளித்துக்கொண்டே இருக்கிறான் என்று கேட்டேன். அவர் வாசல்வரை கூடவே வந்து என்னை வழியனுப்பிவிட்டார்.

ஆகவே தம்பி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. ஓய்வு பெற்றபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தவித்துப்போகிறேன். மாடிக்கு வெள்ளையடித்தாயிற்று, குழாய்கூட ஒழுகவில்லை. உடனே கிளம்பி வாருங்கள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமலிருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அண்ணன்

பி.கு.: உறையில் போடுமுன் அண்ணி இதை வாங்கிப் படித்தாள். “லைன் நல்லாத்தான் இருக்கு. வரவேண்டாம்னு சொன்னது நான்தான். ரிட்டயர் ஆன ஒருத்தருக்குப் பதில் சொல்லியே எனக்கு நாக்கு வறண்டுபோகுது, இதுல இன்னொருத்தரா?” என்றாள். எக்சேஞ்சு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அது கிடக்கட்டும், தம்பி, உன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்குமா? ஒரு ஆளுக்குத்தான்.